தினமும் பிறக்கிற பேத்தி

உ

பூதப்பாண்டி,
ஆனி மாதம், புதன்கிழமை மத்தியானம்.

அன்பு மகன் முருகதாசுக்கும் மருமகள் பிந்துவுக்கும் அம்மா எழுதிக்கொள்வது. தாணுமாலயன் கடாட்சத்தில் இங்கே நாங்கள் இரண்டு பேரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீங்களும் குழந்தையும் சளி, காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். தினமும் போனில் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவளுக்கு இப்போது காகிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் பேச எனக்கு எங்கே முடிகிறது? வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் உன் அப்பா என்னை விட்டு நகருவதே இல்லை. நான் கிணற்றடிக்குப் போனால் கிணற்றடிக்கு வருகிறார், அடுக்களைக்குப் போனால் அங்கே வந்து நிற்கிறார். அவரைப் பற்றி அவர் முன்னாலேயே எப்படிப் பேசுவது? பத்து நிமிஷத்தில் மறந்துவிடுவாரே, பேசினால் என்ன என்று நீ ஒரு தடவை சொன்னாய். மறந்துவிடுவார், சரி. அந்தப் பத்து நிமிஷம் அவருக்கு வலிக்குமா வலிக்காதா? அதனால்தான் கடிதம். நம் தெரு பிளஸ்ஸி லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அயர்லாந்துக்குத் திரும்புகிறாள், பிந்து வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்தானே அவளும் நர்ஸ், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். இப்போது சாப்பிட்டுவிட்டு உன் அப்பா உறங்குகிறார். விழிப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும். முன்பின்னாக இருந்தால் நீயே சேர்த்து வாசித்துக்கொள்.

இங்கே சாரல் விட்டுவிட்டுப் பெய்கிறது. துணி காயவில்லை, விறகு நனைந்து கிடக்கிறது. கன்னிப்பூ போகத்துக்கு நெல் நடவு நல்லபடியாகத்தான் முடிந்தது, உரம் போட்டதில்தான் வினை வந்தது. உன் அப்பா ஒரு நாள் காலையில் போய் யூரியா வீசிவிட்டு வந்தார். மறுநாள் நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வயலுக்குப் போனவர், இன்னும் உரமே வைக்கவில்லை என்று நினைத்து மிச்சமிருந்ததையும் கொண்டுபோய் எறிந்துவிட்டார். இப்போது பயிர் கன்னங்கரேலென்று தழைத்து, இலையெல்லாம் சுருண்டு, புழு விழுந்து கிடக்கிறது. போனால் போகிறது, ஒரு பூ விளைச்சல்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் அதைப் பார்க்கப் போனவர் வரப்பில் நின்றுகொண்டு, எந்த முட்டாப்பய இதுக்கு ரெண்டு தடவ யூரியா எறிஞ்சான், அவனுக்கு வெவசாயம் தெரியுமா, நான் இருக்கும்போதே எனக்க வயலுல எறங்கி இந்த வேலை பாத்திருக்கான்னா என்ன தைரியம் இருக்கணும் என்று ஊர் கேட்கத் திட்டுகிறார். நான் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறேன். இதைப் பிளஸ்ஸியிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

ஊரில் பாதிப் பேர் இன்னும் இதை நம்பவில்லை. உன் சித்தப்பா பகவதியப்பன் போன வாரம் வந்தார். அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் யார் யார் வயல் போயிற்று, யார் வீட்டு ஆடு எந்தத் தென்னையில் தொங்கிற்று என்று ஒரு பொழுது முழுக்கப் பேசினார்கள். ஒரு வரப்பு விடாமல் உன் அப்பா சொல்கிறார். போகும்போது சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மைனி, அண்ணனுக்கு ஒரு தீனமும் இல்ல, வேலை செய்ய மடிச்சிட்டு நடிக்காரு, ஞாபகம் போனவனுக்கு இதெல்லாம் எப்படி வரும் என்கிறார். நான் அவரைத் திரும்ப உள்ளே கூட்டிக்கொண்டு வந்து, உன் அப்பாவிடம், இப்பம் யார் வந்துட்டுப் போனா என்று கேட்டேன். உன் அப்பா சித்தப்பாவை நேருக்கு நேர் பார்த்து, வா டே பகவதி, எப்பம் வந்தே, காப்பி குடிச்சியா என்றார். சித்தப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அதற்கு அப்புறமும் அவர் நம்பினார் என்று சொல்ல முடியாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

நீ போன ஐப்பசியில் ஆஸ்பத்திரியில் வந்து நின்றாய், டாக்டர் சொன்னதைக் கேட்டாய். ஆனாலும் நீ சரியாகக் கேட்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அதனால் மறுபடியும் எழுதுகிறேன். உறக்கம் தெளியாமல் கிடந்தாரே, சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்தோமே, அது மூளையின் நடுவில் ஒரே ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்ததால் வந்தது. அந்தக் குழாய்தான் இரண்டு பக்கமும் பிரிந்து போகிறதாம், அதனால் இரண்டு பக்கமும் கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு இடம் செத்துப்போய்விட்டது. மிச்ச மூளை முழுக்க நன்றாக இருக்கிறது. கை கால் விளங்குகிறது, பேச்சு குழறவில்லை, மனக்கணக்குப் போடுகிறார், பேப்பர் வாசிக்கிறார். நான் எனக்குப் புரிகிற மாதிரி ஒன்று நினைத்து வைத்திருக்கிறேன். பத்தாயத்தில் பழைய நெல் அப்படியே இருக்கிறது, மேலே நெல் கொட்டுகிற கதவு மட்டும் இறுகிப்போயிற்று. புது நெல்லை எவ்வளவு கொண்டு வந்தாலும் வெளியிலேதான் சிந்தும். நீங்கள் அயர்லாந்து போனது அதற்குக் கொஞ்சம் முன்னால், அதுவும் பிந்து உண்டாகியிருந்த சேதியும் போய்விட்டது. அவருக்கு நீ இன்னும் மஸ்கட்டில்தான் இருக்கிறாய். நீ பறந்து வந்து ஆஸ்பத்திரியில் அவர் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாயே, அதுவும் அவரிடம் இல்லை.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். தினமும் காலையில் காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, முருகதாசுக்கு விசேஷம் ஒண்ணும் இல்லியா ஏட்டி என்பதுதான். மாசியில் உனக்குக் குழந்தை பிறந்த அன்று நான் ஓடிப்போய் அவரிடம் சொன்னேன், அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியாது. மறுநாளும் கேட்டார், மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாளும் சொன்னேன். இன்றைக்கும் சொன்னேன். உனக்கு ஒரு தடவை பிறந்த பிள்ளை இந்த வீட்டில் தினமும் காலையில் பிறக்கிறது. போட்டோவைக் காட்டினால் மூக்கைத் தொட்டு, எனக்க அம்மைக்க மூக்குல்லா இது என்கிறார். நல்லவேளை, அந்த மூக்கு இல்லை. அடுத்த கேள்வி, பேரு என்ன வச்சிருக்கான்?

நைரா என்று நான் உண்மையைத்தான் சொன்னேன், முதலில். முதல் பேத்திக்குத் தாத்தாவைப் பெற்றவள் பெயரை விட்டுக் கூப்பிடுவது நம் வீட்டு வழக்கம் என்று உனக்கும் தெரியும். நீ போனில் அப்பாவோடு அதற்காக ஒரு தடவை சண்டை போட்டாய், போனை வைத்தாய், உன் வேலையைப் பார்க்கப் போனாய். அந்தச் சண்டையை அதற்குப் பிறகு தினமும் காலையில் போட்டவள் நான். ஒரு நாள், நைராவா, அது ஏதோ பல்பொடிக்க பேரு மாதிரில்லா இருக்கு என்பார். இன்னொரு நாள், நைஜீரியாக்காரனுக்க காசுக்குல்லா அந்தப் பேரு, பேப்பர்ல நான் வாசிச்சிருக்கேன் என்பார். சில நாள் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார், அதுதான் எனக்குத் தாங்காது. உன் அப்பாவோடு இப்போது சண்டை போடவும் முடியாது மக்கா. நான் ஜெயித்தாலும் அவருக்குத் தெரியாது, தோற்றாலும் தெரியாது, மறுநாள் முதலில் இருந்து தொடங்கும். ஒரு நாள் அலுத்துப்போய், விசேஷம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். மண்டைக்காட்டு அம்மைக்கு ஒரு நேர்ச்சை போடு ஏட்டி, நம்ம பயலுக்கு ஒரு பிள்ளை கெடைக்கட்டும் என்றார். அன்று முழுக்க ஏன் என்று தெரியாமலேயே அவர் முகம் வாடிக் கிடந்தது. அதனால் அந்த வழியும் அடைபட்டுப்போயிற்று.

பிறகுதான் நான் அந்தப் பொய்யைச் சொல்லத் தொடங்கினேன். உங்கள் அம்மா பெயரைத்தான் வைத்திருக்கிறான் என்றேன். அவர் முகம் மலர்ந்தது பார், எனக்கு ஆத்திரமாகக்கூட வந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் என்னைப் போட்டு வதைத்தீர்கள் என்று. உனக்குத் தெரியாதது இல்லை, அந்தப் பெயர்க்காரியிடம் நான் பட்டதெல்லாம். புளிக்கறிக்குத் தேங்காய் அரைத்த பதம் சரியில்லை என்று அவர்கள் சொல்லாத நாள் கிடையாது. நீ குழந்தைக்கு அந்தப் பெயரை வைக்கவில்லை என்று கேட்டபோது உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான், இனி இந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைக் கூவிக் கூப்பிட வேண்டாமே என்று. பார், கடைசியில் தினமும் காலையில் நான்தான் அதைக் கொண்டாட வேண்டியிருக்கிறது. ஆனால் பெயரை வாயால் சொன்னதில்லை. மாமியார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்று என் அம்மா சொல்லி அனுப்பியதை இத்தனை வருஷமும் காப்பாற்றி வந்திருக்கிறேன். கோயிலில் அர்ச்சனைக்கு உன் அப்பாதான் சொல்வார், ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவரிடம்கூட அடுத்த வீட்டுக்காரியை விட்டுச் சொல்ல வைத்தேன். இப்போது உன் அப்பாவுக்கு அது ஒரு விளையாட்டு. பேரைச் சொல்லு பாப்பம், நீ ஒரு தடவ சொல்லி நான் கேக்கணும் என்று தினமும் வம்புக்கு இழுப்பார். நான் வாயைப் பொத்திக்கொள்வேன். சிரித்துக்கொண்டே காப்பியைக் குடித்து முடிப்பார். அப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் நீ எழுதி அழிக்கிற அந்த வெள்ளைப் பலகையை அனுப்பினாய். மூளைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், தினமும் உண்மையை வாசிக்க வைக்க வேண்டும் என்று எதிலோ படித்தேன் என்றாய். நீ சொன்னபடியே எழுதி வாஷ்பேசினுக்கு மேலே மாட்டினேன். உங்களுக்குப் பக்கவாதம் வந்தது, உங்களுக்குப் புதிய விஷயங்கள் நினைவில் நிற்காது, உங்கள் பேத்தி பெயர் நைரா. காலையில் பல் துலக்க வந்தவர் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி வாசித்தார். வாசித்துவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். எனக்கா, எப்பம் ஏட்டி, நீ ஏன் எனக்கிட்ட சொல்லல்ல என்றார். சொன்னேன். கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், அப்பம் நான் இனி இப்படியேதானா என்றார். மறுநாள் காலையிலும் பிரஷ்ஷோடு வந்து வாசித்து, அதே இடத்தில் உட்கார்ந்தார். ஒரு மனுஷன் தலையில் ஒரே இடியைத் தினமும் போட எனக்கு மனசு கேட்கவில்லை. அழித்துவிட்டேன். பலகை இப்போது அரிசிப் பானைக்கு மூடியாக இருக்கிறது. உனக்குக் கோபம் வரும், வரட்டும்.

அது சுவரில் இல்லாததை நீ வீடியோவில் கவனித்து, அம்மா பலகை எங்கே என்று கேட்ட அன்றுதான் எல்லாம் நடந்தது. உன் அப்பா பாவம், அப்போதுதான் நான் சேதியைத் திரும்பச் சொல்லி முடித்திருந்தேன், மலர்ந்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார். மக்கா, அம்மைக்க பேரைப் பிள்ளைக்கு விட்டிருக்கியாம்லா, நல்ல காரியம் செய்தே, எனக்கு வேற என்ன வேணும் என்றார். நீ என்ன சொன்னாய்? யார் அப்பா சொன்னது, பெயர் நைராதான், அம்மா உங்களிடம் தினமும் பொய் சொல்கிறாள், நோயாளியைக் குழந்தை மாதிரி ஏமாற்றக் கூடாது என்று அவர் முன்னாலேயே எனக்குப் பாடம் எடுத்தாய். உனக்கு அது நேர்மை. அவருக்கு, பெற்ற மகனும் கட்டின பெண்டாட்டியும் சேர்ந்து தன்னை முட்டாளாக்குகிறார்கள் என்று ஆயிற்று. எனக்க அம்மை உனக்கு என்னலே செய்தா, உன்னைத் தோளுல போட்டுத் தூக்கி வளத்தாள்லா என்று அவர் கத்தியதும், நீ பதிலுக்குக் கத்தியதும், பிந்து பின்னால் நின்று வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதும் எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது. போனை அணைத்தது நான்தான். கொஞ்ச நேரத்தில் உன் அப்பா சாயா கேட்டார். என்ன நடந்தது என்பது அவரிடம் இல்லை. அப்பாடா என்று நானும் நினைத்தேன், நீயும் அன்று ராத்திரி எனக்கு மெசேஜ் அனுப்பினாய், அப்பாவுக்கு நினைவு இருக்காது, கவலைப்படாதே என்று.

முருகதாஸ், இதை நிதானமாக வாசி. அன்று முதல் உன் வீடியோ கால் மணி அடித்தால் உன் அப்பா எழுந்து பின்பக்கம் போய்விடுகிறார். மற்ற யார் கூப்பிட்டாலும் போவதில்லை, அந்த மணிக்கு மட்டும்தான். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்கிறார். மாட்டை விற்றுத் தொழுத்தை இடித்து எத்தனை காலம் ஆயிற்று. அங்கே போய் வாழை மரத்து மூட்டில், நாம் பேசுவது கேட்கிற தூரத்தில், சும்மா நிற்கிறார். உங்களுக்கு மகன் மேல் கோபமா என்று வேறொரு நேரத்தில் கேட்டுப் பார்த்தேன். எனக்கு என்னத்துக்கு அவன் மேல கோபம், தங்கமான பயல்லா என்றார், மனதாரத்தான் சொன்னார். ஆனால் மணி அடித்தால் எழுந்துவிடுகிறார். நீ நாலைந்து தடவையாக, அப்பா எங்கே, தூங்குகிறாரா என்று கேட்கிறாய், நானும் ஆமாம் ஆமாம் என்கிறேன். அவர் தூங்கவில்லை. டாக்டரிடம் இதைக் கேட்டேன். நடந்ததை எடுத்து வைக்கிற இடம் வேறே அம்மா, பயமும் கோபமும் பாசமும் தங்குகிற இடம் வேறே, அந்த இடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, காரணம் போய்விடும், மனசில் பட்டது போகாது என்றார். நீ என்னடாவென்றால் அப்பாவிடம் என்ன சொன்னாலும் அழிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நேர்மாறாக இருக்கிறது. நமக்குச் சண்டை வந்தால் காரணத்தைப் பேசித் தீர்க்கலாம். அவரிடம் காரணமே இல்லை, எதைப் பேசித் தீர்ப்பாய்? இன்னும் இரண்டு தடவை இப்படி நடந்தால், ஆவணியில் நீ குழந்தையோடு வாசலில் வந்து நிற்கும்போது உன் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். எனக்கு அந்தப் பயம் வந்துவிட்டது, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை காலையில் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமலே இருந்தார். விசேஷம் உண்டா என்றும் கேட்கவில்லை. என்னவென்று கேட்டேன். நெஞ்சுக்குள்ள என்னவோ கெடக்கு ஏட்டி, யாரோ என்னமோ சொன்னது மாதிரி இருக்கு, யாருன்னும் தெரியல்ல என்னன்னும் தெரியல்ல என்றார். அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதே இல்லை. நானாகவே பேத்தி பிறந்த செய்தியைச் சொன்னேன். சிரிக்கவில்லை, பேரு என்ன என்று மட்டும் கேட்டார். உங்கள் அம்மா பெயர் என்று சொன்னால் அன்றைக்குப் போதாது என்று எனக்குப் பட்டது. அழகியநாயகி என்று சொன்னேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக அந்தப் பெயர் என் வாயிலிருந்து வந்தது. சொல்லிவிட்டு எனக்குச் சாமி படத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. உன் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார் பார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இன்னொரு தடவ சொல்லு என்றார், சொன்னேன். அப்புறம் வயலைப் பார்க்க வெளியே போனார், திரும்பி வந்தவரிடம் மறுபடியும் சேதியைச் சொன்னால், பேரைச் சொல்லு பாப்பம், நீ ஒரு நாளும் சொன்னதில்லல்லா என்கிறார். என் வாழ்நாளில் நான் அவருக்காகச் செய்த பெரிய காரியம் அது, ஒரு வரப்பு சுற்றி வருவதற்குள் போயே போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் தோசைக்கல்லை டங்கென்று வைத்தேன். என்ன ஏட்டி, யார் மேல கோபம் என்று கேட்கிறார். யார் மேல் என்று சொல்ல? அந்தக் கடலைப்பருப்பு மேல்தான். ஆனால் ஒன்று, அன்று முழுக்க அவர் வாயில் ஏதோ பாட்டு முனகிக்கொண்டே இருந்தது. ஏன் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இனி நான் சொல்வது இதுதான். ஆவணியில் குமாரகோவிலில் குழந்தைக்குச் சோறு கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறாய். முதல் சோறு கொடுக்கும்போது தாத்தா பிள்ளையை மடியில் இருத்தி, காதில் மூன்று தடவை பெயர் சொல்ல வேண்டும், உனக்கும் உன் தாத்தா அப்படித்தான் சொன்னார். அப்பாவுக்கு நைரா என்ற பெயரை முந்தின நாளே பழக்கிவிடு அம்மா என்று நீ சொல்கிறாய். பழக்க முடியாது. கோயில் வாசலில் சொல்லிக் கொடுத்தால் படியேறி முடிப்பதற்குள் போய்விடும். அவர் வாயில் அந்த நேரம் எந்தப் பெயர் வரும் என்று எனக்குத் தெரியும், இப்போது உனக்கும் தெரியும். அவர் அழகியநாயகி என்று சொல்லட்டும். நீ திருத்தாதே. சிரிக்காதே. பக்கத்தில் நிற்கிற யாரிடமும் அப்பாவுக்கு இப்படி ஒரு சுகக்கேடு என்று விளக்கம் கொடுக்காதே. பாஸ்போர்ட்டில் நைரா என்று இருக்கட்டும், பள்ளிக்கூடத்தில் நைரா என்று கூப்பிடட்டும், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். காதில் சொன்ன பெயர் காதோடு போகும். தக்கலையில் உன் மாமியார் ஏதாவது நினைப்பார்கள் என்றால் பிந்து பார்த்துக்கொள்வாள், அவள் நர்ஸ், உன்னைவிட இது அவளுக்கு நன்றாகப் புரியும். அந்தப் பலகை அவள் யோசனை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இன்னொன்று. வந்தால் ஒரு நாள் இங்கே, மிச்ச நாள் தக்கலையில் என்று ஓடாதே. இருக்கிற நாளெல்லாம் காலையில் காப்பி நேரத்துக்குக் குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் போடு. தினமும், யாரு பிள்ளை இது என்று கேட்பார். தினமும் சொல்லு. உனக்கு இரண்டு வாரம், எனக்கு வருஷம் முழுக்க, அதனால் அலுப்பாக இருக்கிறது என்று என்னிடம் வந்து சொல்லாதே. அவருக்கு நினைவு நிற்காது என்பதை நானும் ஒத்துக்கொண்டாயிற்று. உன் மணிச் சத்தத்துக்கு அவர் எழுந்து போகப் பழகினார் என்றால், உன் பிள்ளையின் சத்தத்துக்கு எழுந்து வரவும் பழகுவார். எனக்கு டாக்டர் இதைச் சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன். அதுவரை வீடியோவில் கூப்பிடாதே, சும்மா போனில் கூப்பிடு, அதன் மணி வேறே.

என்னைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு முட்டுவலி இருக்கிறது, அதைவிடப் பெரிய வலி, ஒரு வார்த்தை சொன்னால் வைத்துக்கொள்ள ஆள் இல்லாதது. தெருவில் நடந்த ஒன்றை ராத்திரிச் சாப்பாட்டில் ஆசையாகச் சொல்வேன், கை கழுவி வந்தால் அது இருக்காது. சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றுக்கும் போக முடியவில்லை. சில நாள் கத்திவிடுகிறேன், கத்திய பிறகுதான் டாக்டர் சொன்னது நினைவு வருகிறது, உடனே ஒரு சாயா போட்டுக் கொடுக்கிறேன். இதெல்லாம் உனக்குக் குறையாகச் சொல்லவில்லை, ஒருத்தரிடம் சொன்னால் அது தங்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிளஸ்ஸியிடம் முந்திரிக்கொத்தும் ஏத்தவாழைக்காய் வறுத்த உப்பேரியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்திருக்கிறேன். உளுந்து வறுத்துப் பொடித்தது பிந்துவுக்கு மட்டும், நீ கை வைக்காதே. பிள்ளை பெற்ற உடம்பு, நின்று நின்று வேலை பார்க்கிறவள், இடுப்புக்குப் பலம் வேண்டும். குளிர் என்று குழந்தைக்கு எண்ணெய் தேய்க்காமல் விடாதீர்கள், உச்சியில் மட்டுமாவது வை. குழந்தைக்கு என் முத்தம். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் சொல்லை ஒருவர் பொறுத்து, நல்லபடியாக இருக்க மண்டைக்காட்டு அம்மையும் தாணுமாலயனும் துணையிருக்கட்டும். காதில் பெயர் சொல்கிற விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
தாணம்மாள்.

பின்குறிப்பு. மடித்துக் கவரில் போடப் போகும்போது உன் அப்பா விழித்து வந்துவிட்டார். யாருக்குக் கடுதாசி என்றார், சொன்னேன். நானும் ரெண்டு வரி எழுதுகேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டார். மேலே நான் எழுதியதை வாசிக்க விடவில்லை, கையை வைத்து மறைத்துக்கொண்டேன். நான் இன்றைக்குக் காலையில் சொன்ன செய்தி அவரிடம் இல்லை, எழுதும்போது சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவர் எழுதியதை நான் திருத்தவில்லை. நீயும் திருத்தாதே.

மகன் முருகதாசுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். மஸ்கட்டில் உனக்குச் சுகம்தானே. உன்மேல் எனக்கு ஏதோ ஒரு மனவருத்தம் இருப்பதுபோல் இருக்கிறது. யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. நீ அப்படிச் செய்கிறவன் இல்லை, நான்தான் ஏதாவது சொல்லியிருப்பேன். மனதில் வைக்காதே. குழந்தை பிறந்தால் அம்மை பேரை விட்டால் சந்தோஷம், விடாவிட்டாலும் எனக்கு வருத்தம் இல்லை. நீ வந்தால் போதும்.

அப்பா
கணபதியப்பன்.